கறுப்பு பேட்ஜ் குத்தியவர்கள் முப்பத்தொன்பது பேர்

மரியாதைக்குரிய மச்சான் வெற்றிவேல் அவர்களுக்கு, வல்லத்திலிருந்து பீமாராவ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை கவிதாவும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவுகளைப் பற்றி எழுதத்தான் இக்கடிதம். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன்.

செஞ்சி மனநலக் காப்பகத்தில் நான் பதினோரு வருடமாக உதவியாளர் என்பது தாங்கள் அறிந்ததே. அரசாங்க மானியத்தில் ஓடும் டிரஸ்ட். மூன்று வருடம் முன்பு மானியம் குறைந்தது என்று எங்கள் ஒன்பது பேர் சம்பளத்திலும் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்தார்கள். "தற்காலிகம்தான்" என்றார் செயலாளர் நெடுமாறன். அந்தத் தற்காலிகம் எனக்கு முன்னால் ரிட்டயர் ஆகாது போலிருக்கிறது. பழைய சம்பளத்தையே கொடுங்கள் என்று ஏழு மனு கொடுத்தோம், பதில் இல்லை. ப்ளஸ் டூ முடிச்ச என் பொண்ணு நிலாவ நர்சிங் சேர்க்க வழியில்லாம துணிக்கடைக்கு அனுப்பறேன் மச்சான். காலையில அவ டிபன் டப்பா எடுக்கற நேரத்துக்கு நான் மூஞ்சி கழுவப் போயிடறது. ஸ்டிரைக் பண்ணலாம்னா, அங்க இருக்கற முப்பது பேர யாரு குளிப்பாட்டறது, யாரு மாத்திரை குடுக்கறது? அதான், அதிகாரி ஆய்வுக்கு வர அன்னிக்கு கறுப்பு பேட்ஜ் குத்திக்கிட்டு வேலை செய்யலாம்னு ஒரு ஐடியா. சொன்னது நான்தான்.

சமையல்காரம்மா அமிர்தவல்லி அவங்க குடைத் துணியக் கிழிச்சு ஒன்பது பேட்ஜ் வெட்டினாங்க. வார்டுல இருக்கற அனு பார்த்துட்டு, "எனக்கு?"ன்னா. கேட்டதக் குடுக்கலன்னா அவ சாப்பிட மாட்டா. அவளுக்குக் குடுத்தா நாகம்மாளுக்கு வேணும், நாகம்மாளுக்குக் குடுத்தா எல்லாருக்கும் வேணும். பத்து நிமிஷத்துல குடை காலி, முப்பது பேரு நெஞ்சுலயும் பேட்ஜ். பெரியதம்பின்னு ஒருத்தரு, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கூட்டியாந்து எட்டு வருஷம் ஆச்சு, ஒரு வார்த்தை பேசினதில்ல. அவரே ஊக்கு வாங்கி நேரா குத்திக்கிட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கலங்கின கண்ணோட நிக்கும்போதுதான் ஜீப் வந்துது.

அதிகாரி ஊருக்குப் புதுசு. நேரா பெரியதம்பிகிட்ட போயி, "எவ்ளோ வருஷமா இருக்கீங்க?"ன்னாரு.

"எட்டு வருஷம் சார்"னாரு, வாயே தொறக்காத மனுஷன்.

"சம்பளம் ஒழுங்கா வருதா?"

"ஒரு பைசா குடுக்கல சார்."

"இன்னா வேலை?"

"சும்மா ஒக்காந்துக்கினு இருக்கறது."

ஒரு வார்த்தை பொய் இல்ல மச்சான்! நான் ஓடிப்போயி, "சார், அவரு பேஷன்ட்டு"ன்னேன். அதிகாரி என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "நீங்க மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"ன்னாரு.

நேத்து அறிக்கை வந்துடுச்சு. பேட்ஜ எண்ணியே எழுதிட்டாரு: பணியாளர்கள் முப்பத்தொன்பது, நோயாளிகள் யாரும் இல்லை, விளக்கம் வரும்வரை மானியம் நிறுத்தம். குறைச்ச சம்பளமும் இந்த மாசம் இல்ல. "என் குடையும் போச்சு"ன்னுட்டு அமிர்தவல்லி எங்கிட்ட பேசறதில்ல. பெரியதம்பியும் அதுக்கப்புறம் பேசல. அவரு பேசினதுக்கு சந்தோஷப்படறதா அழறதான்னு எனக்கு இன்னும் தெரியல.

ஆகவே ஒன்றாம் தேதியோடு வெளியே வந்துவிடுகிறேன். ராஜினாமா எழுதிப் பாக்கெட்டில் தயார். ஒரகடத்தில் தங்கள் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவும் வேலை இருந்தாலும் சொல்லவும். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். இது உறுதி.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், எதையும் பிடித்துக்கொள்ளாமல் முழுசாக.

இப்படிக்கு,
பீமாராவ்

பி.கு.: வேலை ஒண்ணும் பார்க்க வேணாம் மச்சான். காலையில ராஜினாமாவக் குடுக்கப் போனேன், வாங்க ஆளில்ல. நெடுமாறன் சார் நேத்தே ராஜினாமா பண்ணிட்டு, "பீமாராவ்கிட்ட குடுத்துடுங்க"ன்னு சாவிக்கொத்த அமிர்தவல்லிகிட்ட வெச்சுட்டுப் போயிட்டாரு. வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு முப்பது பேரையும் குளிப்பாட்டினேன். கவிதா, ஒரகடம் போறோம்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. கேன்டீன்ல ஆள் எடுக்கலன்னு நீங்களே அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் வரல.