கொல்லையார் வீட்டுக்கு வந்த மலேசிய உறவு

பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு நிம்மதியாக வாழ்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், எந்தக் காலத்திலோ யாரோ கொல்லை மேட்டில் வீடு கட்டிய பாவத்துக்கு எங்கள் வகையறாவுக்கே 'கொல்லையார்' என்று பெயர். அதைச் சான்றிதழ்களிலும் ஏற்றிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அப்பாவின் ஆதாரில் அது 'கே'யில் தொடங்கும். அண்ணனின் பாஸ்போர்ட்டில் 'சி'யில் தொடங்கும். என் மார்க் ஷீட்டில் ஓர் 'எல்' குறைச்சல்.

அப்பாவின் சித்தப்பா கோவிந்தன், இளவயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனவர். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. "தம்பி வந்துட்டானாடா?" என்று கேட்டபடியேதான் தாத்தா கண்ணை மூடினாராம். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் கொஞ்சம் மாறும்.

அப்போது நான் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தேன். (நெட் இருந்தால் கடவுளையே தேடி எடுத்துவிடலாம் என்று நம்பிய வயது.)

"ஸ்பெல்லிங்கப் பாக்கக் கூடாதுப்பா, சத்தத்தப் பாக்கணும். அந்தக் காலத்து கிளார்க்குங்க காதுல விழுந்தத எழுதியிருப்பாங்க" என்று அப்பாவுக்கு வகுப்பெடுத்தேன்.

கொல்லையாரை எத்தனை விதமாகக் கெடுக்க முடியுமோ அத்தனை விதமாகவும் கெடுத்து ஃபேஸ்புக்கில் தேடினேன். மலேசியாவின் ஈப்போ நகரில் சாந்தி கோலயா என்ற ஆசிரியை கிடைத்தார். அவருடைய தாத்தா கோவிந்தசாமி, தஞ்சாவூர் ஜில்லா, கொள்ளிடக்கரை. வேறென்ன வேண்டும்?

"அவங்க அப்பாகிட்ட ரெண்டு விஷயம் கேட்டுக்கிறேன்டா" என்றார் அப்பா.

"நேர்ல கேளுங்கப்பா. போன்ல கேட்டா போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும்" என்று அடக்கிவிட்டேன்.

தை அறுவடை சமயத்தில் சாந்தியும் அவர் அப்பா முனியாண்டியும் வருவதாக முடிவானது. அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். நான் வரவேற்பு பேனருக்கான வாசகத்தைக் கும்பகோணத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினேன். (ஸ்பெல்லிங்கைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் பார்க்கும் இன்னொரு மேதை அந்தக் கடையில் இருந்தார்.) சரிபார்க்கச் சொல்லிப் படம் வந்தது. கலரை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை அனுப்பினேன்.

அவர்கள் வரும் நாள் காலையில் பஸ் ஸ்டாப்புக்குப் போனால் ஊரே கூடிச் சிரிக்கிறது.

'மலேசியாவிலிருந்து வருகை தரும் கொள்ளையர் குடும்பமே! வருக! வருக!'

கீழே முனியாண்டியும் சாந்தியும், போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டும் படங்களைப் போல. பக்கத்தில் கூட்டாளிகளாக நானும் அப்பாவும், கைகூப்பியபடி. டவுன் பஸ் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏணி வாங்கி ஏறி ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்தேன். அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. பேனர் பாதி தொங்குகிறது, மேலே நான். சாந்தி தமிழ்ப் பள்ளியில் படித்தவராம். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"கொள்... ளை... யர். அப்பா, நம்மளத்தான் போட்டிருக்காங்க!"

முனியாண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "ரப்பர் தோட்டத்துல எங்கள என்னென்னமோ சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க தம்பி. 'வருக வருக'ன்னு யாரும் போட்டதில்ல" என்றார். ஏணியிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

இலை போட்டதும் அப்பா, அத்தனை நாள் அடக்கி வைத்த கேள்வியைக் கேட்டார். "உங்கப்பாவுக்கு இடது கை சுண்டுவிரல் நுனி இருக்காதே? அறுப்பறுக்கையில அருவா பட்டுப் போச்சும்பாங்க."

முனியாண்டி யோசித்தார். "இல்லீங்களே. பத்து விரலும் இருந்துச்சு."

"கோலயாங்கறது?"

"அது எங்க தாத்தா பேரு. கொழந்தையன். எழுதினவன் அப்படி எழுதிட்டான். ஊரு கொள்ளிடத்துக்கு அக்கரைன்னு அப்பா சொல்வாரு."

சாம்பார் வாளியுடன் அம்மா அப்படியே நின்றார். நான் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. முனியாண்டி சாப்பிடாமல் கையை எடுத்துக்கொண்டு, "அப்ப நாங்க தப்பான வீட்டுக்கு வந்துட்டமா?" என்றார்.

அப்பா ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். "தப்பான வீடுன்னு எதுங்க இருக்கு? பசியோட வந்திருக்கீங்க. மொதல்ல சாப்பிடுங்க" என்றார்.

ஆனால் கை கழுவப் போனவர் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார். நான் பக்கத்தில் போனேன். "மன்னிச்சிருங்கப்பா."

"போடா" என்றார் அப்பா. "காலைல அவரு கார்லேருந்து எறங்கறப்ப, எங்கப்பா நடை மாதிரியே இருந்துச்சு. நானுந்தான் ஸ்பெல்லிங் பாக்கல."

மறுநாள் அப்பாவே அவர்களை அழைத்துக்கொண்டு அணைக்கரைப் பாலம் தாண்டி, குழந்தையனின் ஊரைத் தேடி அலைந்தார். ஊர் கிடைத்ததா என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமில்லை. ஆனால் அப்பாவுக்கு ஒரு தம்பி கிடைத்தார். பொங்கலுக்குப் பொங்கல் ஈப்போவிலிருந்து பார்சல் வருகிறது. முகவரியில் முனியாண்டிச் சித்தப்பா கொட்டை எழுத்தில் எழுதுவது: 'கொள்ளையர் இல்லம்'.

போன தையில் ஒரு புது கூரியர்காரர் தயங்கித் தயங்கி போன் செய்தார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க... இந்தக் கொள்ளையர் வீடுங்கறது..."

"நம்ம வீடுதான், நேரா வாங்க" என்றார் அம்மா. "கதவு தொறந்துதான் கெடக்கு."