வசூல்காரர் வந்த சனிக்கிழமை

லிஃப்ட்காரருக்கு உயரம் என்றால் பயமில்லை. வானளாவிய கட்டடத்தின் உச்சியில் லிஃப்டின் கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு, கீழே வாயைப் பிளந்திருக்கும் இருட்டுப் பள்ளத்தைப் பார்த்தபடி சாவகாசமாக எண்ணெய் போடுவார். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு அழுகிறவர்களிடம், "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று மேலிருந்து அவர் சொன்னால் போதும், பாதிப் பேருக்கு மூச்சு திரும்பிவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கடன் வசூலிக்கிற ஆள் என்றால் மட்டும் முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடும்.

காரணம் இல்லாமல் இல்லை. ஏற்றவும் இறக்கவும் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர், கடன் விஷயத்தில் ஏற்றுவதை மட்டுமே பழகியிருந்தார். பெரிய டிவி தவணையில் வந்தது. டிவிக்குப் பொருத்தமாக சோபா தவணையில் வந்தது. டிவி தவணையைக் கட்ட ஒரு கடன் அட்டை, அந்த அட்டைக்குக் கட்ட இன்னொரு அட்டை. கடைசியாக, ஒரு கண்காட்சியில் கால் வலிக்கிறதே என்று உட்கார்ந்த இடத்தில், மசாஜ் நாற்காலி வந்தது. உட்கார்ந்தவரின் தோளைப் பிசைந்து, முதுகைக் குத்தி, கெண்டைக்காலை அமுக்கி, எழுந்திருக்கும்போது கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் வசூல்காரர்களின் தொல்லை தொடங்கியது. காலையில் ஃபோன், மதியம் ஃபோன். ஒருநாள் ஒருவர் வேலையிடத்துக்கே வந்து, அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்டுக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டார். மெதுவான குரலில், "எப்ப சார் தருவீங்க?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே வருகிற வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று வீட்டுக்கு வந்த லிஃப்ட்காரர் சாப்பிடவில்லை. சட்டையைக் கழற்ற மறந்து அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். பயந்த ஆம்பிளைகளைப் பார்ப்பதே அவளுக்கு அன்றாட வேலை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொத்தம் எவ்வளவுங்க?"

"தெரியல."

"தெரியலையா, சொல்லத் தெரியலையா?"

"கூட்டிப் பார்க்கப் பயமா இருக்கு."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு கடன் ஆலோசனை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கனத்த கண்ணாடி போட்ட ஆலோசகர் அம்மா இருந்தார். கடன் கொடுத்த ஒவ்வொருவரோடும் பேசி வட்டியைக் குறைத்து, எல்லாவற்றையும் ஒரே மாதத் தவணையாக ஆக்கிக் கொடுத்தார். அந்தத் தொகையை அலுவலகத்தில் கட்டினால் போதும், அவர்களே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். அதற்கு மூன்று நிபந்தனை இருந்தது. தவணை தவறக்கூடாது. புதுக்கடன் கூடாது. எந்தக் கடனையும் மறைக்கக்கூடாது.

"இதுல ஒண்ணு மீறினாலும் திட்டம் முறிஞ்சுடும். பழையபடி எல்லாரும் வாசலுக்கு வந்துடுவாங்க" என்றார் அந்த அம்மா.

வாசல் என்றதும் லிஃப்ட்காரர் திரும்பி அந்த அலுவலகத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டார்.

"விக்கிற மாதிரி வீட்டுல ஏதாவது இருந்தா வித்துக் கையில வச்சுக்குங்க. திடீர்னு ஒரு செலவு வந்தா தவணை தவறாம இருக்கும்."

"இவளோட மிக்ஸி ஒண்ணு இருக்கு" என்றார் அவர் உடனே.

"அந்த நாற்காலிதான் இருக்கே" என்றாள் மனைவி.

அவர் சட்டென்று எழுந்துகொண்டார். தெருவுக்கு வந்த பிறகு, "நல்லாக் கேட்டுக்கோ. என் கண்ணு முன்னால அந்த நாற்காலி வீட்டு வாசலைத் தாண்டாது" என்றார். மின்சாரச் செலவுக்குப் பயந்து அதன் வயரைப் பிடுங்கி மாதக்கணக்காகிறது. இப்போது அது பிசையவும் இல்லை, குத்தவும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் அதில் சாய்ந்து கண்ணை மூடினால்தான் தானும் ஒரு மனுஷன் என்று அவருக்குத் தோன்றும். மனைவி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்கிற அறிவு, கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவருக்கு வரவில்லை.

ஃபோன்கள் நின்றன. மிச்சம் பிடித்தார்கள். இருவரும் பஸ்ஸை விட்டு நடந்தார்கள். அவள் கூடுதல் வேலை பார்த்தாள். சம்பளம் வந்த அன்றே இருவருமாகப் போய்த் தவணையைக் கட்டினார்கள். அவர் கை நடுங்குவதால் அவள் எண்ணுவாள். அவள் கண் அசதியாக இருப்பதால் அவர் சரிபார்ப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு சனிக்கிழமை, எதிர் நடைபாதையில் அந்த ஆள் தென்பட்டார்.

உயரமான ஆள். தோளில் பழுப்புப் பை. அண்ணாந்து இவர்கள் வீட்டு மூன்றாம் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா பார்க்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, கட்டைவிரலால் அளந்து பார்த்தார்.

லிஃப்ட்காரர் திரைச்சீலைக்குப் பின்னால் ஒடுங்கினார். "இங்க வா. யாரோ ஒருத்தன் நம்ம வீட்டையே பார்க்கிறான்."

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"வசூல்காரரா இருக்குமோ?" என்றாள்.

"ஆமா, அவனேதான். அந்தப் பையைப் பாரு."

"அப்படியா சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதா? எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"அப்ப ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அன்று தொடங்கியது கூத்து. லிஃப்ட்காரர் பின்படிக்கட்டு வழியாகத்தான் வருவார், போவார். தபால்பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைச் சுரண்டி எடுத்தார். முன்னறையில் விளக்குப் போட விடமாட்டார். ஊரில் எல்லாரும் கடனை அடைத்தால் அவர் கதவை அடைத்தார், ஜன்னலை அடைத்தார், மனைவி சிரித்தால் வாயையும் அடைத்தார். சனிக்கிழமை வந்தால் வீட்டைவிட்டு அசைய மாட்டார். "காய் வாங்கிட்டு வாங்களேன்" என்பாள் அவள். "முடிதான் வெட்டிட்டு வாங்களேன். ஆற அமர ஒரு நடை போயிட்டு வாங்களேன்." அவர் தலையை ஆட்டுவார். வெளியே போனால் அந்த ஆள். உள்ளே இருந்தால் நாற்காலி. எது மேல் என்று கேட்கவா வேண்டும்?

அடுத்த சனிக்கிழமையும் அந்த ஆள் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்.

லிஃப்ட்காரருக்கு ராத்தூக்கம் போயிற்று. தவணை ஒன்றுகூடத் தவறவில்லையே, பின் ஏன் ஆள் வருகிறது? யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒரு காரணம் அகப்பட்டது. சட்டைப்பையில் இருந்த புது ஃபோனைத் தொட்டுப் பார்த்தார். ஆலோசனை அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தின வாரம் தவணைக்கு வாங்கியது. கம்பெனியில் கொடுத்தார்கள் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். ஆலோசகர் அம்மாவிடம் சொல்லவே இல்லை. அதற்கான தவணையைச் சாப்பாட்டுக் காசில் கட்டிவந்தார். போன மாதமும் இந்த மாதமும் அதுவும் முடியவில்லை.

நான்காம் சனிக்கிழமை அந்த ஆள் தனியாக வரவில்லை. ஒரு சின்ன லாரி வந்து நின்றது. அதிலிருந்து தடித்தடியாக இருவர் இறங்கினார்கள். ஒருவர் தோளில் கயிற்றுச் சுருள். இன்னொருவர் கையில் கருவிப்பெட்டி. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

லிஃப்ட்காரர் சமையலறைக்கு ஓடினார். முகத்தில் ரத்தமே இல்லை. ஊசி குத்துகிறவள் கண்ணுக்கு அது சட்டென்று தெரிந்தது.

"முதல்ல உக்காருங்க. என்ன ஆச்சு?"

"கயிறு கொண்டு வந்திருக்காங்க. எல்லாம் என்னாலதான். இன்னொரு கடன் இருக்கு, உன்கிட்ட சொல்லல. இந்த ஃபோன் கம்பெனியில குடுத்தது இல்ல. ரெண்டு மாசப் பாக்கி."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நாற்காலி விஷயத்தில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இது தெரியாது. அவள் முகம் வெளுத்ததை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். வசூல்காரரைக் கண்ட பயத்தைவிட அது பெரிய பயமாக இருந்தது.

"அலுவலகத்துக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். அவர் ஃபோனை அதில் வைத்தார்.

"குளியலறையில போய் இருங்க. நான் கூப்பிடற வரைக்கும் சத்தம் வரக்கூடாது."

"நீ தனியா எப்படி...?"

"நான் பார்த்துக்கறேன். போங்க."

அவர் போய்த் தாழ் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். வாசல் கதவு திறந்தது. கனமான காலடிகள். கதவோரம் காதை வைத்துக் கேட்டார்.

"ஆளு எங்கம்மா?" என்றது ஒரு குரல்.

"இங்கேதான். கவலைப்படாதீங்க, வெளிய வர மாட்டார்."

அப்புறம் கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு தெளிவாகக் கேட்டது.

"செம கனம். அப்படியே தூக்க முடியாது. கையைக் கழட்டிடுவோமா?"

"கழட்டிடு. காலைப் பார்த்து மடக்கு, உடைஞ்சுடப் போவுது."

"தலையை என்ன பண்ண?"

"தலை தானாக் கழண்டுடும். போர்வையைச் சுத்திக் கட்டு. ஜன்னல் வழியா கயித்துல இறக்கிடலாம். கீழ்வீட்டு ஜன்னல்ல இடிச்சுடப் போவுது."

லிஃப்ட்காரர் வாளியோடு சேர்ந்து நடுங்கினார். வாளி டகடகவென்று சத்தம் போட்டது. எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். வெளியே ஏதோ கழற்றுகிற சத்தமும் கயிறு உராய்கிற சத்தமும் வெகுநேரம் கேட்டு, பிறகு அடங்கின. அப்போது மனைவி தனியாக வெளியே இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. அவள் கையையும் காலையும்தான் கழற்றினார்களோ? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தாழ்ப்பாளில் கை வைத்தார். தரை தேய்க்கிற பிரஷ் ஒன்றுதான் ஆயுதமாக அகப்பட்டது. அதை ஓங்கியபடி வெளியே பாய்ந்தார்.

முன்னறையில் மனைவி மட்டும் நின்றிருந்தாள். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. கீழே லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. டிவிக்கு எதிரே, தரையில் ஒரு பெரிய சதுரம் மட்டும் தூசியில்லாமல் பளபளத்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன. நாற்காலியை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாங்க." அவள் பார்வை பிரஷ்மீது போயிற்று. "இதை வச்சுக்கிட்டா வந்தீங்க?"

"உன்னைத்தான் ஏதோ பண்றாங்கன்னு..."

அவள் முகம் இளகியது. அவர் தூசியில்லாத சதுரத்தின் நடுவில் உட்கார்ந்து, "போனா போகுது, அதோட விட்டாங்களே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். அவள் அழுதது வேறு காரணத்துக்கு என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஆலோசனை அலுவலகத்துக்குப் போக வேண்டிய முறை. திட்டம் முறிந்தது என்று சொல்லப்போகிறார்கள் என்ற நினைப்பில் லிஃப்ட்காரர் படியேறும்போது மூன்று இடத்தில் நின்றார். ஆலோசகர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா திங்கட்கிழமையே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. மறைச்சது தப்பு. ஆனா நாற்காலியை வித்து அந்தப் பாக்கியை முழுசா அடைச்சுட்டீங்க. அதனால திட்டம் அப்படியே நடக்கும். நீங்களே மனசு வந்து குடுத்தீங்களாமே. எல்லாருக்கும் அந்த மனசு வராது சார்."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். மேஜைக்கு அடியில் மனைவியின் செருப்பு அவர் காலை மெல்ல அமுக்கியது. வாயை மூடிக்கொண்டார்.

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். பிறகு அவர் நின்றார்.

"அந்த ஆள் யாரு?"

"பிசியோதெரபி பண்றவர். எங்க கூடத்துக்கு ரத்தம் குடுக்க வந்தார். சிகிச்சைக்கு வர்றவங்க உக்கார நாற்காலி வேணும்னார்."

"நீ வசூல்காரர்னு சொன்னியே."

"நான் எங்கங்க சொன்னேன்? இருக்குமோன்னு கேட்டேன். ஆமான்னு சொன்னது நீங்க."

"அப்ப ஏன் வாராவாரம் வந்து நின்னான்?"

"நீங்க வெளிய போனதும் மேல வரலாம்னு அவர் நின்னார். அவர் போகட்டும்னு நீங்க உள்ளயே இருந்தீங்க. நான் என்ன பண்ண? ஜன்னலை அவர் முதல் நாளே அளந்துட்டார், கடைசியில கயித்தோட வரச் சொல்லிட்டேன். நீங்களும் அதை வாசலைத் தாண்ட விடமாட்டேன்னீங்க. ஜன்னலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

அவருக்குக் கோபம் வரவேண்டும். வரும் என்று நின்று பார்த்தார். அதற்குள் அவள் அவர் கையைக் கோத்துக்கொண்டாள். எப்போதும் நிதானமாக இருக்கும் அந்தக் கை சில்லென்று வியர்த்திருந்தது.

"எனக்குப் பயமே இல்லைன்னு நினைச்சீங்களா? ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கைக்கு வர்ற வரைக்கும் எனக்கும் பயம்தான். நீங்க ஃபோன் விஷயம் சொன்னப்ப நின்ன இடத்துலயே விழுந்துடுவேன்னு நினைச்சேன். இன்னொண்ணு இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"இல்ல. சத்தியமா இல்ல."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். எதிரே ஒரு கடையின் கண்ணாடிக்குள் வரிசையாகப் புது டிவிகள் ஓடிக்கொண்டிருந்தன. லிஃப்ட்காரர் தலை நிமிர்த்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார்.

"வசூல்காரனே வரலைன்னு தெரிஞ்சதும் இப்பதான் எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்கு. இனிமே எனக்குப் பயமே கிடையாது."

மனைவி அவரைக் கடைக்கு மறுபக்கமாகத் திருப்பி நடத்தினாள்.

"அப்படி முழுசா விட்டுடாதீங்க, கொஞ்சம் மிச்சம் வச்சுக்குங்க. இன்னும் ரெண்டு வருஷத் தவணை இருக்கு."