படகுக்காரிக்கு ஒரு மனு

என் மனைவியை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில். சக்கரக் கட்டிலில் படுத்தபடியே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "டாக்டர்கிட்ட மனு கினு எழுதி நீட்டிடாதீங்க. அவர் வேலையை அவர் பார்க்கட்டும்" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிட்டது. நாற்பத்தோரு வருடமும் எங்கள் பேச்சு இப்படித்தான் முடிந்தது. கடைசி வார்த்தை அவளுடையது. பதில் என் வாய்க்குள்ளேயே.

அவள் பயந்ததில் நியாயம் உண்டு. மனு எழுதுவது என் தொழில். அரசாங்க அலுவலக வாசலில் ஒரு மடக்கு மேஜை, ஒரு ஸ்டூல், நாலு பேனா. படிப்பு எட்டாவதோடு சரி. மீதியை மற்றவர்களின் குறைகளிலிருந்து கற்றுக்கொண்டேன்.

அந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே கோரிக்கை என்றால் வேலை நடக்கும். இரண்டு என்றால் இழுக்கும். ஏழு கோரிக்கை வைத்தால் எந்த அதிகாரியும் முதல் பக்கத்தைத் தாண்டமாட்டார். நம்பர் போட்டு அலமாரியில் தூங்கவைத்துவிடுவார். குடியிருக்கும் கிழவரைத் துரத்த வேண்டும் என்று ஒரு வீட்டுக்காரர் வந்து நின்றபோது, முகம் சுளிக்காமல் ஏழு கோரிக்கை எழுதிக் கொடுத்தேன். அவர் சந்தோஷமாகப் போனார். கிழவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து இந்தக் கதைகளையெல்லாம் அவளிடம் சொல்வேன். அதற்காக மத்தியானத்திலிருந்தே காத்திருப்பேன். பிறகு அந்தப் படகு வந்து குறுக்கே நின்றது.

அது ஒரு வீடியோ கேம். கல்யாணமாகிப் போன எங்கள் மகள் டிவிக்குப் பக்கத்தில் விட்டுப்போன சாமான். பெரிய ஆறு, நிறையத் தீவுகள். விளையாடுகிறவர் படகுக்காரி. ஆட்களைக் கரைக்குக் கரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். என் மனைவி மூன்று வருடம் சேர்த்தாள்.

"இன்னைக்கு ஒருத்தர் வந்தார். அவர் செத்துட்டதா ரிஜிஸ்டர்ல எழுதிட்டாங்களாம்."

"ம்."

"உயிரோட இருக்கேன்னு மனு எழுதச் சொல்றார். எதிர்ல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே."

"ம். கொஞ்சம் நகருங்க, கரை தெரியல."

ஒருநாள் அந்த கேம் முடிந்தது. கடைசிக் கரையில் எல்லோரும் இறங்கினார்கள். படகில் அவள் மட்டும். திரை இருண்டது. 'பயணம் முடிந்தது' என்று இரண்டு வார்த்தை. என் மனதில் மேளம் கொட்டியது. அவள் முகம் மட்டும் தொங்கிவிட்டது.

"மூணு வருஷமா ஏத்தி இறக்கினேன். ஒருத்தராவது திரும்பிப் பார்த்தாங்களா?"

"பொம்மைங்கதானே."

"நீங்க ஏன் சிரிக்கிறீங்க?"

"பல்லுல என்னவோ மாட்டிக்கிச்சு."

அவள் மட்டுமல்ல, அதை விளையாடிய அத்தனை பேரும் கொதித்துப்போயிருந்தார்கள். கேமைச் செய்த கம்பெனியில் மொத்தம் நாலே பேர். மிரண்டுபோய் ஓர் அறிவிப்பு விட்டார்கள்: 'இந்த முடிவு சரி என்று நினைத்தோம். உங்களுக்குப் பிடிக்கவில்லை. எப்படி முடிய வேண்டும் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்போம். மனதுக்குப் பட்டால் மாற்றுவோம்.'

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, ஊருக்கெல்லாம் எழுதறீங்க. எனக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்களேன்."

கல்யாணமான நாள் முதல் என் தொழிலை அவள் மதித்த முதல் தருணம் அது. அதைத்தான் நான் துரோகத்துக்குப் பயன்படுத்தினேன். இந்த முடிவு மாறக்கூடாது; என் மாலை நேரம் எனக்குத் திரும்பி வர வேண்டும். சபதம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று பக்கம். ஏழு கோரிக்கை.

பயணிகள் வரிசையில் நின்று நன்றி சொல்ல வேண்டும். படகுக்குக் கூரை வேண்டும். மீன்கள் முறைத்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். இப்படி ஆறு வரை இழுத்தேன். ஏழாவதுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. எரிச்சலில் கையில் வந்ததை எழுதினேன்: 'படகுக்காரியின் கணவன் மூன்று வருடமாகக் கரையிலேயே நிற்கிறான். அவனையும் ஏற்றி, கையில் ஒரு துடுப்பு கொடுக்க வேண்டும்.' இதைப் படித்த பிறகும் எவனாவது மனுவைக் குப்பையில் போடாமல் இருப்பானா?

அவள் மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். "நல்லா இருக்கு" என்றாள். போனில் டைப் பண்ணி அனுப்ப உள்ளே போனாள்.

நாலு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே விளையாடுகிற கன்ட்ரோலர் ஒன்று, கூடவே ஒரு கடிதம். 'வந்ததிலேயே சின்னக் கடிதம் உங்களுடையது. அப்படியே செய்துவிட்டோம்.'

"சின்னக் கடிதமா? மூணு பக்கம் எழுதினேனே."

"ஆறையும் அடிச்சிட்டேன். ஏழாவதை மட்டும் அனுப்பினேன்."

"ஏன்?"

"அந்த வீட்டுக்காரருக்கு எழுதின மாதிரியே எனக்கும் எழுதினா எனக்குத் தெரியாதா? வர்றவங்க நெஜமான விஷயத்தைக் கடைசியிலதான் சொல்லுவாங்கன்னும் நீங்கதானே சொன்னீங்க."

"அதெல்லாம் நீ கேட்டியா?"

"ம்னு சொன்னேனே."

டிவியைப் போட்டாள். கடைசிக் கரையில் எல்லோரும் இறங்கினார்கள். ஓர் ஆள் மட்டும் இறங்கவில்லை. தொப்பையும் தொந்தியுமாகத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது கன்ட்ரோலரை யாராவது அசைத்தால்தான் படகு கிளம்பும். கிளம்பினால் ஆறு கடலில் போய்ச் சேரும். அதற்கப்புறம் முடிவே கிடையாது.

"தொப்பையைப் பத்தி நான் எழுதலையே."

"அது நான் சேர்த்தது. பிடிங்க."

பிடித்தேன். அன்றிலிருந்து பதினோரு வருடம், தினமும் ஆறிலிருந்து எட்டு வரை துடுப்புப் போட்டேன். "இடது பக்கம். உங்க இடது இல்ல, படகோட இடது." போட்டுக்கொண்டே அன்றைய மனுக்களைச் சொன்னேன். அவள் "ம்" என்றாள். என் வாழ்க்கையில் குறை சொல்ல முடியாத மாலைகள் அவை.

இப்போதும் சில நாள் டிவியைப் போடுகிறேன். ஆரம்பத்தில், 'இந்த முடிவை எழுதியவருக்கு நன்றி' என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே அவள் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.