இருபத்து மூன்றாவது டேக்

"18.10.2010, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஆயுத பூஜைக்கு அம்மா மானிட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டைத் துடைக்காமலே ரெக்கார்டிங்கை ஆரம்பித்துவிட்டேன். நஷ்டம்: மூன்று டேக். காரணம்: என் கவனக்குறைவு."

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, 'என்' என்பதற்குக் கீழே கோடு போட்டான் அருள்முருகன்.

அது சாதாரண மானிட்டர் இல்லை. விரலால் தொட்டால் வேலை செய்யும் டச் ஸ்கிரீன். அதன் சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். எது மறித்தாலும் அதை விரல் என்றே நினைத்துக்கொள்ளும். சட்டத்தின் ஓரத்தில் அப்பியிருந்த சந்தனத்தையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டது. யாரோ இரண்டு நாளாக விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று குழம்பிப்போய், அவன் எதைத் தொட்டாலும் வேறு எதையோ செய்தது.

அவன் ஈரத்துணியோடு போனபோது அம்மா அமிர்தம் குறுக்கே வந்தாள்.

"பூஜ போட்ட பொட்ட அழிக்கிறியே, வெளங்குமாடா?"

"இது இருந்தாதாம்மா வெளங்காது."

"மிக்ஸிக்குந்தான் வெச்சேன். அது ஓடலியா?"

அவன் குனிந்து பொட்டைத் துடைத்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறி, சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு மாடியில் நடக்கும் ஒலிப்பதிவு மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். கடைசிப் பரீட்சை எழுத்துப் பரீட்சை இல்லை. வீட்டிலேயே ஒரு பாட்டை முழுசாக, நடுவில் ஒட்டுப்போடாமல் பதிவு செய்து இருபத்தெட்டாம் தேதி மாலைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சர்ட்டிபிகேட் இல்லை. சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் காட்டுமன்னார்கோயிலில் பெரியப்பாவின் ரைஸ் மில். பெரியப்பா ஏற்கெனவே அவனுக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டதாகக் கேள்வி.

டச் ஸ்கிரீன் வாங்கியதற்கும் காரணம் இருந்தது. போன மாதம் அவன் செய்த பதிவில், பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மவுஸை அழுத்திய 'டிக்' சத்தம் விழுந்திருந்தது. சுப்பிரமணியன் சார் அதை வகுப்பு முழுவதற்கும் போட்டுக் காட்டினார். "பாட்டுக்குள்ள பல்லி கத்துது, கேளுங்க." பதினாறு பேர் சிரித்தார்கள். அந்த வாரமே, மூடிப்போன ஒரு கடையின் பில் கவுண்டரில் இருந்த இந்த ஸ்கிரீனைப் பேசி முடித்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். விரலுக்குச் சத்தம் கிடையாது.

பாடுவதற்கு அடுத்த வீட்டு சிந்துஜா கிடைத்தாள். எம்.எஸ்ஸி. முதல் வருஷம், பாட்டு முறையாகக் கற்றவள். அவளுடைய அப்பா கோவிந்தசாமி ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார்.

"எனக்கும் ஒரு சிடி போட்டுக் குடுத்துடு அருளு. மாப்ள வூட்டுக்கு அனுப்பணும். பையன் மஸ்கட்டுல இருக்கான், பொண்ணு பாக்க வர முடியாது. அவுங்கம்மா திருப்பூர்ல இருந்து, பொண்ணு பாட்டு வரட்டும், அப்புறம் தேதி வெக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"கண்டிப்பா மாமா."

"நீ குடுக்குற சிடிலதான் எம்பொண்ணு வாழ்க்கயே இருக்குது, பாத்துக்க."

அன்று முதல் அருள்முருகனுக்குச் சோறு இறங்கவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்கு, சிந்துஜா காலேஜ் ரயிலுக்குக் கிளம்பும் முன் ரெக்கார்டிங். ஸ்கிரீனின் ஒரு பாதியில் பாட்டு வரிகள், மறுபாதியில் ரெக்கார்டிங் சாப்ட்வேர். அவள் ஸ்கிரீனுக்கு முன்னால் மைக்கோடு நிற்பாள். அவன் பின்னால் ஸ்டூலில் ஹெட்போனோடு உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொள்வான். சார் சொல்லிக்கொடுத்த வழக்கம் அது. 'பதிவு பண்றவன் கண்ணு திறந்திருந்தா காது தூங்கிடும்.'

பொட்டைத் துடைத்த மறுநாள் பல்லவி அருமையாக வந்தது. சரணத்தின் கடைசி வரிக்கு முந்தின வரி.

"நின்னுடுச்சுண்ணா" என்றாள் சிந்துஜா.

கண்ணைத் திறந்தான். சிவப்புப் பொத்தான் அணைந்திருந்தது.

"நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போலிருக்கு."

"பரவால்லண்ணா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

இப்படிப் பொறுமையான பெண்ணை அவன் பார்த்ததே இல்லை. டைரியில் எழுதினான்: "டேக் 4, 5, 6: நின்றுபோனது. சிந்துஜா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்."

ஈ உட்கார்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. ஈயையும் இந்த ஸ்கிரீன் விரலாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஜன்னலைச் சாத்தினான். சத்தம் விழும் என்று ஃபேனை ஏற்கெனவே நிறுத்தியிருந்தான். புழுக்கத்தில் அவனுக்கு மூக்கு நுனியில் வியர்வை சேர்ந்தது. பதிவைத் தொடங்கக் குனிந்தபோது ஒரு சொட்டு ஸ்கிரீனில் விழுந்து, பதிவுக்குப் பதிலாக நேற்று பாடியது கத்தலாக ஓடியது. அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "யாருடா பாடுறது, அவ இன்னும் வாயே தெறக்கல?"

வெள்ளிக்கிழமை ஜன்னலைத் திறந்துவிட்டு, வீட்டில் இருந்த டபுள் காட் கொசுவலையை மேசைக்கும் மானிட்டருக்கும் மைக்குக்கும் சிந்துஜாவுக்கும் சேர்த்துக் கட்டினான். ஈ வர வழியே இல்லை. சரணத்துக்குப் பாதி வழியில் கோவிந்தசாமி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"டேய், எம்பொண்ண எதுக்குடா வலைக்குள்ள போட்டு வெச்சிருக்க?"

அவர் திறந்த கதவு வழியாக வந்த காற்றில் வலை எழும்பி ஸ்கிரீன் மேல் முழுசாகப் படிந்தது. ஸ்கிரீனுக்கு அது ஆயிரம் விரல். வலையைப் பிய்த்து எடுத்துப் பார்த்தபோது அதுவரை பாடிய பன்னிரண்டு டேக்கும் அழிந்திருந்தன.

"சிடி ரெடியா?" என்றார் கோவிந்தசாமி.

"நாளைக்கு மாமா."

"திருப்பூர்ல இருந்து தெனம் போன் வருது. பொண்ணுக்கு உண்மையிலயே குரல் இருக்குதான்னு கேக்குறாங்க. எனக்கு மானம் போவுது."

ஞாயிற்றுக்கிழமை ஸ்கிரீனுக்கு அளவு சரிபார்த்தான். அது காட்டும் சிலுவைக் குறிகளை வரிசையாகத் தொட வேண்டும். நாலாவது குறியில் விரல் தவறிப் பக்கத்தில் பட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றைத் தொட்டால் அதற்கு இரண்டு விரற்கடை இடப்பக்கம் இருப்பது வேலை செய்தது. மறுபடி சரிபார்க்க அந்தப் பொத்தானைத் தொட வேண்டும். அதைத் தொடவே முடியவில்லை. மாலைக்குள் ஸ்கிரீனின் சாப்ட்வேரையே மூன்று முறை அழித்து மறுபடி போட்டு, நாலாவது முறையில் சரியானது. திங்களும் செவ்வாயும் புதன் காலையும் பாட்டு அதே இடத்தில் நின்றது. டேக் 22.

"நின்னுடுச்சுண்ணா."

"எனக்கே அவமானமா இருக்குதும்மா."

"நீங்க என்னண்ணா பண்ணுவீங்க" என்றாள் சிந்துஜா. அவள் குரல் கம்மியிருந்தது.

டைரியில் எழுதினான்: "எனக்கு இந்த வேலை வராது. நாற்காலி பிளாஸ்டிக்கா மரமா என்று பெரியப்பாவிடம் கேட்க வேண்டும்."

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னான். பொட்டு, ஈ, வியர்வை, வலை, சிலுவை. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"எதுக்குடா டச் ஸ்கிரீனு?"

"மவுஸ் சத்தம் விழுதுன்னு சொன்னீங்களே சார்."

"விழுந்தா, முன்னாடியும் பின்னாடியும் வெட்டி எறிஞ்சிட வேண்டியதுதானே? அந்தப் பாடம் எடுத்தன்னிக்கு நீ வரலியா?"

"வந்தேன் சார். நோட்டுல எழுதியிருக்கேன் சார்."

சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஸ்கிரீனுக்குப் பின்னாடி ரெண்டு வயரு வரும். படத்துக்கு ஒண்ணு, தொடுறதுக்கு ஒண்ணு. தொடுற வயரப் புடுங்கிடு. அப்புறம் யானை வந்து தொட்டாலும் ஒண்ணும் ஆவாது."

வியாழக்கிழமை காலை, சிந்துஜா வருவதற்கு முன்பே வயரைப் பிடுங்கிவிட்டான். மவுஸை நாலாக மடித்த துண்டுக்குள் வைத்து அழுத்தினான். கண்ணை மூடிக்கொண்டான்.

பல்லவி வந்தது. சரணம் வந்தது. கடைசி வரிக்கு முந்தின வரி வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டான். பாட்டு நிற்கவில்லை. கடைசி வரியும் வந்தது. குரல் அங்கே லேசாக நடுங்கியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தான். சிந்துஜா ஸ்கிரீன் மேல் விரலை வைத்தபடி நின்றிருந்தாள். வரியைத் தொட்டுப் படித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"முடிஞ்சிடுச்சும்மா! முழுசா வந்துடுச்சு!"

அவள் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

கோவிந்தசாமி காலையிலேயே வந்து சிடியை வாங்கிக்கொண்டு, அவன் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். மாலையில் சிதம்பரத்தில் சார் முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். "கடைசி வரில என்னமோ பண்ணிட்டாடா அந்தப் பொண்ணு" என்றார். சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் கடலூர் வரும் வரைக்கும் அருள்முருகன் அதை மடியிலேயே வைத்திருந்தான். தன்னால் ஒரு வேலை முழுசாக முடியும் என்று அவனுக்குத் தோன்றியது அதுவே முதல் தடவை.

இரவு எட்டு மணிக்கு சிந்துஜாவின் அம்மா மங்கலம் ஒரு தூக்கில் கேசரியோடு வந்தாள்.

"அவரு குடுத்துட்டு வரச் சொன்னாரு."

"எதுக்கு அத்தே இதெல்லாம். சிடி அனுப்பியாச்சா?"

"சாயந்திரம் கூரியர்ல போட்டுட்டாரு. காலைல எட்டு மணிக்குத்தான் பை கெளம்புமாம். அது போயி அவுங்க கேட்டுட்டா, ஐப்பசியிலயே நிச்சயம். அவ படிப்பு அவ்வளவுதான்."

"சிந்துஜா ரொம்ப நல்லாப் பாடுச்சு அத்தே."

"மோசமாப் பாடிடுடின்னுதான் சொன்னேன். வர மாட்டேங்குதும்மாங்கறா. என்ன பண்றது."

அவன் கேசரித் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மங்கலம் தன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பத்து நாளா, நீ கண்ண மூடுனதும் எம்பொண்ணுதான் தொட்டுத் தொட்டு நிறுத்திக்கிட்டு இருந்தா. ஏன் தம்பி அந்த வயரப் புடுங்குன?"

"28.10.2010, வியாழன். நாளைய வேலை: காலை ஏழரைக்குக் கூரியர் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும்."