ஷோகேஸில் தூங்க மாட்டேன் என்று அம்மா சொன்ன விவரம்

மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வார இதழின் 'வேலையும் நீங்களும்' பகுதியில், கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தின் அடியில், 'பெயர் வெளியிட விரும்பாத மாணவி' என்று போட்டிருந்தீர்களே, அந்த மாணவி எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். மூவரில் வேலைக்குப் போகும் இருவருக்கும் வேலை இருக்கிறது. அங்கே நீங்களும் அச்சுக் கோப்பவர்களும் மற்ற எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்கு யாரும் எழுதுவதில்லை என நினைக்கிறேன். ஒரு கதைப் புத்தகத்தின் கடைசித் தாள் கிழிந்து போயிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. உங்களுக்கு வாரா வாரம் அப்படித்தானே இருக்கும்? அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் நன்றி. நடுவிலும் நன்றி சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளவும்.

வாரத்துக்கு எத்தனையோ கேள்விகள் வருமாகையால் என் கேள்வியை நினைவுபடுத்துகிறேன். என் அம்மா ஒரு மெத்தைக் கடையின் பின்னறையில் உறை தைக்கிறாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் வேலை. பெரிய முதலாளி முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்த பிறகு அவருடைய மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறார். அவரை எல்லோரும் சின்ன முதலாளி என்பார்கள். அம்மா மட்டும் தம்பி என்பாள், ஏனென்றால் அவர் அரைக்கால் சட்டையோடு கடைக்கு வந்து தலையணைக் குவியலில் குதித்த காலத்திலிருந்து அவரைத் தெரியும். அவரும் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நல்லவர்தான். ஆனால் விற்பனையைப் பெருக்குவது எப்படி என்று ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தார், அங்கேதான் எல்லாம் கெட்டது. திரும்பி வந்ததும் தெருவைப் பார்த்த கண்ணாடி ஷோகேஸில் இருந்த பொருள்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு கட்டிலைப் போட்டார், அதன்மேல் கடையிலேயே விலை உயர்ந்த மெத்தையைப் போட்டார், பக்கத்தில் ஒரு மேசை விளக்கு வைத்தார், 'எங்கள் மெத்தையில் எங்கள் ஊழியரே தூங்குகிறார்' என்று ஒரு பலகை எழுதிக் கண்ணாடியோரம் சாய்த்தார். தினமும் பிற்பகலில், பள்ளிக்கூடம் விட்டுத் தெருவில் கூட்டம் போகிற நேரத்தில், ஒரு நாளைக்கு ஒருவராக, ஒரு மணி நேரம், முறை வைத்து, இரவு உடையில் வந்து தூங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் வண்டிக்கார அண்ணனின் முறை. மெத்தைகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர். இத்தனை வருடமாக மெத்தையைத் தோளில் சுமந்தவருக்கு அதன்மேல் படுக்கிற வாய்ப்பு அன்றுதான் கிடைத்தது போல. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று மெத்தை வர வேண்டிய வீட்டுக்காரர்கள் எல்லாம் வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். மறுநாள் கணக்கு எழுதும் அக்கா. அந்த அக்காவுக்கு எதையும் ஒழுங்காகச் செய்தாக வேண்டும். கால்களைச் சேர்த்து நீட்டி, இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் கோத்து, மூக்கை நேராக வைத்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் கடைக்குள் வந்து, எப்போது ஆனது என்று தணிந்த குரலில் விசாரித்தார். மூன்றாவது நாள் அம்மா.

அம்மா தைக்க வேண்டிய உறை நிறைய இருக்கிறது என்றாள். அடுத்த நாள் தலைவலி என்றாள். அதற்கடுத்த நாள் காரணம் ஒன்றும் அகப்படாமல் பின்னறையிலேயே உட்கார்ந்திருந்தாள். சின்ன முதலாளி கதவோரம் வந்து நின்று, சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம்: "ஒத்துழைக்காதவங்களைப் பத்தி மாசக் கடைசியில யோசிக்க வேண்டியிருக்கும்க்கா." அம்மாவின் சம்பளம் போனால் எங்கள் வீட்டில் எது எது போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் போவது என் பள்ளிக்கூடம்.

இதில் இருக்கிற கஷ்டம் என்னவென்றால், ஆசிரியர் அவர்களே, இதை யாரிடமும் போய்க் கஷ்டம் என்று சொல்ல முடியவில்லை. மூட்டை தூக்கச் சொன்னார்கள் என்றால் ஐயோ பாவம் என்பார்கள். தூங்கச் சொன்னார்கள் என்றால் சிரிக்கிறார்கள். அப்பா பேருந்து ஓட்டுகிறவர், தூக்கம் என்றாலே ஏக்கமாகப் பேசுவார். "தூங்கறதுக்குச் சம்பளம் குடுக்கிற முதலாளி இந்த உலகத்துல ஒருத்தர்தான் இருக்கார், அவர்கிட்டப் போய் உனக்கு மனஸ்தாபமா? நான் வேணா உன் சேலையைக் கட்டிக்கிட்டுப் போய்ப் படுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார். மாடி வீட்டு மாமி, அந்தக் கடையில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டார். பாத்திரம் கழுவும்போது அம்மா என்னிடம் மட்டும் சொன்னாள்: "தூங்கும்போது நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாதுடி. எனக்கே தெரியாததை நான் ஏன் ஊருக்குக் காட்டணும்?" துடைத்துக்கொண்டிருந்த தட்டை நான் அப்படியே கீழே வைத்துவிட்டேன். விழித்திருக்கிற வரைக்கும் நம் முகம் நம் வசத்தில் இருக்கிறது, தூங்கிவிட்டால் பார்க்கிறவர்கள் வசத்துக்குப் போய்விடுகிறது என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அன்றைக்குத்தான் உங்களுக்கு எழுதினேன்.

உங்கள் பதில் வருவதற்குள் அம்மாவால் தள்ளிப்போட முடியாமல் போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் வகுப்புப் பெண்களோடு அந்தத் தெரு வழியாகத்தான் வந்தேன். கண்ணாடிக்கு உள்ளே அம்மா படுத்திருந்தாள், கழுத்து வரைக்கும் போர்வை. கண் இரண்டும் திறந்திருந்தன. தூங்கச் சொல்லலாம், தூக்கத்தை வரவழைக்க முடியாதல்லவா? கூரையைப் பார்த்தால் அழுகை வரும் என்று தெருவைப் பார்த்தாளாம், ஆனால் தெருவில் போகிறவர்களுக்கு அது முறைப்பதாகத்தான் தெரிந்தது. ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை வைத்துப் பதிலுக்கு முறைத்தது. கடைக்குள் நுழையப்போன ஒரு கணவனும் மனைவியும் வாசலிலேயே நின்றார்கள். "பாவம், விடிய விடியப் புரண்டிருக்கும் போல. இந்த மெத்தை வேண்டாங்க" என்று அந்தம்மா சொல்ல, இருவரும் திரும்பிவிட்டார்கள். ஷோகேஸின் ஓரத்தில் ஒதுக்கிவைத்த திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிச் சின்ன முதலாளி, "கண்ணை மூடுங்கக்கா, கண்ணை மூடுங்க" என்று கிசுகிசுப்பது உதட்டசைவில் தெரிந்தது. அம்மா மூடினாள். இறுக்கி மூடியதில் முகமே சுருங்கிப்போய், பல் பிடுங்கக் காத்திருப்பவள் மாதிரி ஆகிவிட்டது. என் வகுப்புப் பெண் ஒருத்தி, அது உங்கம்மாதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொன்னதற்காக என்னை நானே பாராட்டிக்கொண்டேன், ஏனென்றால் வேறு பதிலும் நாக்கு நுனி வரை வந்திருந்தது.

பிறகு உங்கள் பதில் வந்தது. அதை இங்கே பார்த்து எழுதுகிறேன், மனப்பாடமாகவே தெரியும் என்றாலும்: 'உங்கள் அம்மா உறை தைக்க வேலைக்குச் சேர்ந்தவர். அதற்குச் சம்பந்தமில்லாத, தமக்குச் சங்கடம் தருகிற ஒன்றைச் செய்ய முடியாது என்று அவர் சொல்லலாம். சங்கடமாக இருக்கிறது என்பதே போதுமான காரணம், தலைவலி வர வேண்டியதில்லை. தனியாகப் போகாமல் உடன் வேலை செய்பவர்களோடு போய், கோபப்படாமல், தெளிவாகச் சொல்லட்டும். மறுத்ததற்காக வேலைக்கு ஆபத்து வந்தால் எங்களுக்கு எழுதுங்கள்.' 'தலைவலி வர வேண்டியதில்லை' என்ற இடத்தில் அப்பாகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இது நடுவில் சொல்கிற நன்றி.

ஆனால் நீங்கள் என் பெயரை மறைத்தீர்கள், தெருவை மறைத்தீர்கள், மெத்தையை மறைக்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் அதை யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இருப்பதே ஒரு மெத்தைக் கடைதான். கணக்கு அக்கா உங்கள் இதழை விடாமல் வாங்குகிறவர். தேநீர் நேரத்தில் அவர் இதை உரக்கப் படித்து, "அட, நம்ம கடை மாதிரியே எங்கேயோ ஒரு கடை இருக்கு பாரேன்" என்று அதிசயப்பட்டிருக்கிறார். வண்டிக்கார அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தாள். வாசலில் சின்ன முதலாளி நின்றிருந்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டாராம், அதுதான் பயமாக இருந்தது. அப்பா அன்று முழுவதும், அது அச்சுப் பிழை, மெத்தைக் கடை அல்ல மெழுகுவத்திக் கடை என்று திருத்தம் போடச் சொல்லி உங்களுக்கு எழுதும்படி என்னை நச்சரித்தார். மெழுகுவத்திக் கடையில் எதற்கு அப்பா தூங்கச் சொல்வார்கள் என்றேன். அம்மா மட்டும் பத்திரிகையை எடுத்து, உதடு அசைய ஒருமுறை படித்து, அந்தப் பக்கத்தை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் எனக்குப் பள்ளி விடுமுறை. பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன், தலையணைக் குவியலுக்குப் பின்னால் நின்றேன், ஆகையால் இனி எழுதுவது நானே கேட்டது. அம்மா ஒரு பக்கம் கணக்கு அக்காவும் மறு பக்கம் வண்டிக்கார அண்ணனுமாகப் போய் மேசைக்கு முன் நின்றாள். "தம்பி, நான் உறை தைக்க வந்தவ. எத்தனை உறை சொன்னாலும் தைச்சுக் குடுக்கிறேன். அங்க படுக்கறது எனக்குச் சங்கடமா இருக்கு. படுக்க மாட்டேன்."

சின்ன முதலாளி பேனாவை மூடினார். "என்னக்கா நீங்க. பத்திரிகைக்கெல்லாம் எழுதிக்கிட்டு. நாம எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரிதானே இருக்கோம்."

"குடும்பம்தான் தம்பி. எந்த வீட்டுல அக்காவை ஷோகேஸ்ல படுக்க வெச்சு, போறவங்க வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாங்க?"

இந்த வாக்கியம் உங்கள் பதிலில் இல்லை, நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்போது வண்டிக்கார அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு அங்க படுக்க ரொம்பப் பிடிக்கும். ஆனா அக்காவை வற்புறுத்தினா நானும் படுக்க மாட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் கண் ஷோகேஸ் பக்கம் போய் அந்த மெத்தையை ஒருமுறை தடவிவிட்டு வந்தது. இதைவிடப் பெரிய தியாகத்தை நான் வரலாற்றுப் பாடத்தில்கூடப் படித்ததில்லை.

சின்ன முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதுல சங்கடப்பட என்ன இருக்கு? நான் படுத்துக் காட்டறேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஷோகேஸுக்குள் ஏறிப் படுத்தார். கடைக்காரரே தூங்குகிறார் என்றால் கூட்டம் சேராமல் இருக்குமா? அந்தக் கூட்டத்தில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த ஓய்வு பெற்ற வாத்தியாரும் காய்கறிப் பையோடு நின்றார். குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை மடக்கிக் கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டி, அந்தக் காலத்தில் வகுப்பில் செய்ததைப் போலவே, எழுந்து நில் என்று சைகை காட்டினார். சின்ன முதலாளி எழுந்து நின்றார். கட்டிலின் மேலேயே நின்றார்.

கீழே இறங்கி வந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன. அம்மாவை நேராகப் பார்க்காமல், "உள்ள இருந்து பார்த்தா வேற மாதிரிதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். பலகையின் அடியில் 'விருப்பப்பட்டவர் மட்டும்' என்று அவரே எழுதினார். மாதக் கடைசி வந்து போய்விட்டது. அம்மா அதே பின்னறையில் அதே தையல் இயந்திரத்தில்தான் இருக்கிறாள். விருப்பப்பட்டவர் என்று வண்டிக்கார அண்ணன் ஒருவர்தான், அவரும் பொருள்களை எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகே படுக்கலாம் என்று ஏற்பாடு. இப்போதெல்லாம் வண்டி பறக்கிறது.

என் அம்மாவின் முகத்தை அவளுக்கே திருப்பி வாங்கிக் கொடுத்தீர்கள். அதற்குச் சரியான சொல்லை அகராதியில் தேடினேன், நன்றியைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் பேனாவுக்கு மை குறையாமலும், உங்கள் முதலாளிகள் எந்தப் பயிற்சி முகாமுக்கும் போகாமலும் இருக்க வேண்டுகிறேன். அப்பா தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார், பேருந்து ஓட்டுநர்களுக்குத் தூக்கம் பற்றி ஏதாவது உரிமை உண்டா என்றும் கேட்கச் சொன்னார். அம்மா இனி எந்தக் காலத்திலும் அந்தக் கண்ணாடிக்குள் தூங்க மாட்டாள் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொண்டு,

இப்போதும் பெயர் வெளியிட விரும்பாத,
அதே மாணவி

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபால் தலையும் ஒட்டிய பிறகு மறுபடி பிரிக்க வேண்டியதாகிவிட்டது. இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஷோகேஸ் முன்னால் பெரிய கூட்டம். வண்டிக்கார அண்ணன்தான் என்று நினைத்து எட்டிப் பார்த்தால், அம்மா. புதிதாகத் தைத்த உறையை அந்த மெத்தைக்குப் போடப் போயிருக்கிறாள், நூலைக் கடிக்கக் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். இந்தப் பிரச்சினை தொடங்கியதிலிருந்து வீட்டில் அவள் சரியாகத் தூங்கவே இல்லை, அத்தனையும் சேர்த்து அங்கே தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது, வாய் நன்றாகத் திறந்திருந்தது. வெளியே ஒருவர், எனக்கும் இதே மெத்தைதான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன முதலாளி உள்ளிருந்து வருவதைப் பார்த்ததும் நான் உங்கள் பதிலை உரக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் நுனிக்காலில் வந்து, கடை மூடும்போது இழுக்கிற திரையை முழுவதும் இழுத்துவிட்டார். பிறகு வெளியே வந்து, "போங்க, போங்க, இங்க ஒண்ணும் இல்ல" என்று வாங்க வந்தவரையும் சேர்த்து விரட்டினார். கடை மூடுகிற வரைக்கும் யாரும் அம்மாவை எழுப்பவில்லை. எழுந்ததும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வாய் திறந்திருந்ததா என்று. இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆகையால் இந்தக் கடிதத்தை நீங்கள் அச்சிடுவதானால் மெத்தைக் கடை இருக்கட்டும், அந்த வாயை மட்டும் எடுத்துவிடுங்கள். கணக்கு அக்கா உரக்கப் படிப்பார்.