சுவரேறிக் குதித்த கரண்ட் வாத்தியம்

ஆத்மநாதன் ஒரு தீர்மானம் போட்டார்.

அரிமளம் யூனியன் ஆபீசில் அவர் குமாஸ்தா. அடுத்தவர்கள் போடும் தீர்மானங்களை நகலெடுத்து நகலெடுத்தே விரல் காய்த்துப் போன மனுஷன். சொந்தமாக ஒன்று போட்டுப் பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இருக்காது? ஆபீசில் அது நடக்காது. அதனால் வீட்டில் போட்டார்.

"நல்லாக் கேட்டுக்க அமராவதி. நம்ம வீட்டு ஆளு யாரும் அந்தக் கொட்டகைப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. ஆமா!"

அவர் சம்சாரம் அமராவதி முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"படுக்க யாருங்க போறா? படம் பாக்கத்தானே கேட்டேன்."

சங்கதி இதுதான். அவர் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அங்கிட்டுப் பொட்டலில் ஒரு டூரிங் டாக்கீஸ். ஒரு வாரமாக சி.ஐ.டி. படம் ஓடுகிறது. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தப்படித்து, தெருத் தெருவாக நோட்டீஸ் வீசியிருந்தார்கள். "நாற்பது வயலின்கள்! எட்டு டிரம்பெட்டுகள்! கரண்டில் வாசிக்கும் அதிசய வாத்தியம்! கேட்டு நடுங்குங்கள்!" நோட்டீசில் நடிகர்கள் பெயர் அடியில் எங்கேயோ பொடி எழுத்தில் கிடந்தது.

கொட்டகைக்கு நாலு பக்கமும் படுதாதான். வசனமெல்லாம் வெளியே வருவதற்குள் காற்றில் குழைந்து ஒன்றும் விளங்காமல் போய்விடும். வாத்தியம் மட்டும் சுவரேறிக் குதித்து நேராக அமராவதியின் அடுப்படிக்கே வரும். அதிலும் அந்தக் கரண்ட் வாத்தியம் இருக்கிறதே, "ங்ஙூஊஊ... ய்ங்ங்!" என்று அது கிளம்பினால் கொல்லையில் கட்டியிருக்கும் எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

"ஒரே ஒரு தடவைங்க. அந்தச் சத்தம் எதுலேருந்து வருதுன்னு கண்ணால பாத்துட்டு ஓடியாந்துர்றேன். ஏழு நாளாக் காதுல மட்டும் வாங்கிக்கிட்டு மண்டையே வெடிச்சுரும் போலருக்கு."

ஆத்மநாதனுக்குச் சங்கீத ஞானம் உண்டு என்று ஊரில் பேச்சு. பேசியதும் பெரும்பாலும் அவர்தான். பஜனை மடத்தில் பன்னிரண்டு வருஷமாக ஜால்ரா தட்டுகிறார்.

"கரண்டுல வாசிக்கிறதெல்லாம் ஒரு சங்கீதமா? ஃபியூஸ் போனா ராகம் போயிருமே! அதைக் கேக்கப் போறவன் உருப்படுவானா?"

"அப்ப நீங்க போகவே மாட்டீங்களா?"

"நானா! நான் அங்க கால் வச்சேன்னு நீ நாலு பேரு முன்னாடி நிரூபிச்சிரு. அன்னியிலேருந்து வர்ற படத்துக்கெல்லாம் நானே டிக்கெட் எடுத்து ஒன்னைக் கூட்டிட்டுப் போறேன். போதுமா?"

"போதுங்க" என்றாள் அமராவதி. பொதுவாக அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் போதும் என்கிறவள் இல்லை. வேறு புருஷனாக இருந்தால் அங்கேயே பயந்திருப்பான். ஆத்மநாதன் மீசையைத் தடவிக்கொண்டார்.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதீர்கள். மறுநாள் சாயங்காலம் அந்த ஆள் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார்!

பாவம், என்ன செய்வார்? அவருக்கும் காது இருக்கிறதே. அதே மண்டை வெடிப்புதான். தீர்மானம் போட்டவரே உத்தரவு கேட்டுப் போக முடியுமா? திருமயத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார மீட்டிங் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஊரைச் சுற்றிக்கொண்டு போய், தலையில் துண்டைப் போட்டு, ஆம்பளைகள் பக்கம் பெஞ்சில் ஸ்பீக்கர் காலடியில் குந்தினார்.

அடேங்கப்பா! பாதாள அறை. நீல விளக்கு. பல்லிளித்துக்கொண்டு நிற்கும் ஒரு மெஷின். நாயகி அதன் கிட்டே போகப் போக அந்த வாத்தியம் அவரைப் பெஞ்சு நுனிக்கே இழுத்துவிட்டது. மலைப்பாதையில் கார் துரத்தும்போது நாற்பது வயலினும் சேர்ந்து பறந்தன. ஆத்மநாதன் தொடையில் தாளம் போட்டுப் போட்டு வேட்டி கசங்கியதுதான் மிச்சம். மறுநாளும் மீட்டிங் என்றார். அதற்கு மறுநாளும் மீட்டிங்.

"குடும்பத்தைக் கட்டுப்படுத்த இத்தனை மீட்டிங்கா?" என்று கேட்டாள் அமராவதி.

"சர்க்கார் உத்தரவு" என்றார் அவர்.

நாலாம் நாள், எதற்கும் ஒரு நாள் விட்டுப் பிடிப்போம் என்று வீட்டில் இருந்தார். கொல்லையில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். சுவரோரம் அமராவதியும் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். படம் ஆரம்பித்தது. பொன்னுத்தாயும் படம் பார்க்காதவள். ஆத்மநாதன் போட்ட தீர்மானத்தை அவள் புருஷனும் அப்படியே நிறைவேற்றியிருந்தான்.

"ங்ஙூஊஊ... ய்ங்ங்!"

"இது என்னக்கா?" என்றாள் பொன்னுத்தாய்.

"இதா? ஹீரோவைப் பாம்பு கடிச்சுப்புடுச்சு. மகுடி ஊதுறாங்க" என்றாள் அமராவதி.

கட்டில் கிரீச்சென்றது. பாம்பா! மெஷினாச்சே அது, நீல விளக்காச்சே! ஆத்மநாதன் வாயைத் திறந்தார். சட்டென்று மூடிக்கொண்டார்.

சிறிது நேரத்தில் டிரம்பெட்டுகள் அலறின.

"இதுக்கா?"

"அவன் மாமியா வந்து எறங்குறா. ஆவுடையார்கோவில்லேருந்து பொட்டி படுக்கையோட வாரா. அதான் இம்புட்டு ஆர்ப்பாட்டம்."

"அடி ஆத்தீ! பாம்பு கடிச்சவனுக்கு மாமியாளும் வந்துட்டாளா!"

ஆத்மநாதன் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். வில்லனின் படை சுவரை உடைத்துக்கொண்டு வருகிற இடம் அது. அந்த இடத்துக்கு மட்டும் அவர் மூன்று தடவை கை தட்டியிருக்கிறார். மாமியாராம், பொட்டி படுக்கையாம்!

மறுநாள் கொல்லையில் நாலு பெண்கள். கார் துரத்தும் வயலின், ஹீரோவுக்கு ரெண்டாந்தாரமாகப் பொண்ணு பார்க்கும் சத்தமாகிவிட்டது. துப்பாக்கிச் சூடு கல்யாண வேட்டாகிவிட்டது. "அந்த மாமியா சும்மா விடமாட்டாளே" என்று ஒருத்தி கவலைப்பட்டாள். ஆத்மநாதன் துண்டின் நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு கிடந்தார். ராத்திரிச் சோறு இறங்கவில்லை. "ஒடம்புக்கு என்னங்க?" என்று அமராவதி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கு மறுநாள் ஏழு பேர். இன்றைக்கு முடிவைச் சொல்கிறேன் என்று அமராவதி தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள். அவித்த கடலை கூட வந்திருந்தது. ஆத்மநாதன் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். கடைசிக் கட்டம் வந்தது. நாற்பது வயலினும் மேலே, மேலே, இன்னும் மேலே ஏறின. கரண்ட் வாத்தியம் அதற்கும் மேலே ஏறியது. அமராவதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"போச்சு. செத்துட்டான்."

"யாருக்கா?"

"ஹீரோதான். கேக்கலையா? நாப்பது பேரு உக்காந்து ஒப்பாரி வக்கிறாங்க."

பொன்னுத்தாய் மூக்கை உறிஞ்சினாள். மற்றவர்களும் ஆளுக்கொரு "அய்யோ பாவம்" போட்டார்கள்.

"சாகலைடீ!"

கட்டிலிலிருந்து ஆத்மநாதன் துள்ளி எழுந்த வேகத்தில் எருமை மிரண்டு கயிற்றை இழுத்தது.

"எவடி செத்துட்டான்னது? ஹெலிகாப்டர்லேருந்து ஏணியைத் தொங்கவிடுறாங்கடி! அதைப் பிடிச்சு மேல போறான்! வயலின் எதுக்கு ஏறுது? அவன் ஏறுறான், அதான் ஏறுது! ஒரு படிக்கு ஒரு சொரம்! இந்தா கேளு, ரீங், ரீங், ரீங்... இப்ப வில்லன் காலைப் பிடிப்பான் பாரு... ங்ஙூஊஊய்ங்! ஒதைச்சான்! விழுந்தான்!"

சொல்லி வாய் மூடவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் டமால் என்றது. பெண்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த ஒரு பார்வையில் மனுஷன் கிறங்கிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ரீலிலிருந்து ஆரம்பித்தார். பாம்பும் இல்லை, மாமியாரும் இல்லை என்று நிரூபித்தார். மெஷினாக நின்று காட்டினார். டிரம்பெட்டைக் கன்னத்தாலும் போங்கோவைக் கட்டில் சட்டத்திலும் வாசித்தார். ஆம்பளைகள் பக்கம் மூணாவது பெஞ்சில் உட்கார்ந்தால்தான் வயலின் தனியாகக் கேட்கும் என்று ஆலோசனையும் சொன்னார். பன்னிரண்டு வருஷ ஜால்ராவில் கிடைக்காத கைதட்டல் அன்றைக்குக் கிடைத்தது.

தட்டி முடித்தார்கள். அப்போதுதான் அவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே உறைத்தது.

"எத்தனை தடவைங்க பாத்தீங்க?" என்றாள் அமராவதி.

"நா... நான் எங்க பாத்தேன்? ஆபீஸ்ல டவாலி வீரய்யா பாத்துட்டு வந்து கதை சொன்னான்."

"வீரய்யா அண்ணனா? பக்கத்துல இடி விழுந்தாலும் காது கேக்காத மனுஷன். அவரு ஒங்களுக்கு ஒரு படிக்கு ஒரு சொரம்னு எடுத்துச் சொன்னாராக்கும்?"

பொன்னுத்தாய் கடலையை வாயில் போட்டுக்கொண்டே எண்ணினாள். "நாலு பேரு முன்னாடி நிரூபிக்கணும்னீங்களாமே அண்ணே. நாங்க ஏழு பேரு இருக்கோம். மிச்சம் மூணு பேரு எந்திரிச்சுப் போயிரவா?"

மறுநாள் ஆத்மநாதன் பெண்கள் பக்கத்துக்கு எட்டு டிக்கெட் எடுத்தார். கொட்டகை வாசலில் "மொத தடவையாங்க?" என்று கேட்ட டிக்கெட் கிழிப்பவனை முறைத்தார். ஆனால் உள்ளே போனதும் முறைப்பெல்லாம் போய்விட்டது. தலையில் துண்டில்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றாட அந்தப் படத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நீல விளக்கு எரிந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. தடுப்புக்கு மேலாக எட்டி அமராவதியைத்தான் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை இமைக்காமல், அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் ஆத்மநாதனுக்கு அப்படியொரு சந்தோஷம். என்னமோ அந்த வாத்தியத்தைத் தானே உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு முன்னாலேயே கூட்டி வந்திருக்கலாமே, மடையன் நான், என்று நினைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். அவள் பொன்னுத்தாயிடம் நாயகியின் சேலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். காலையில் காப்பியைக் கொண்டுவந்து நீட்டியபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

"அதான் பாத்துட்டியே. அந்தக் கரண்ட் வாத்தியம் எப்படி?"

"நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள் அமராவதி. "ஆனா, ஒரு வாரமாத் தூக்கத்துல நீங்க வாசிக்கிறீங்களே, அந்த அளவுக்கு இல்லைங்க."