ஒரு ஆளுக்கு ஒரு பேர்

“இனி யாழ்ப்பாணத்திலை ஒரு ஆளுக்கு ஒரு பேர்தான். ரெண்டாவது பேரோடை ஒருத்தரும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கேலாது. அதைச் செய்து காட்டாமல் நான் பட்டம் வாங்கமாட்டன்!”

இப்படி முழங்கியவர் தேர்தலில் நிற்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அளவெட்டி சீவரத்தினத்தின் மகன் பிரவீணன், வயது இருபத்துநான்கு, சுகாதாரத் தகவல் தொழினுட்பப் பட்டப்படிப்பில் இறுதி வருடம். முழங்கிய இடம், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்புறம், கீழே மூக்குக்கண்ணாடியும் மேலே பட்டமும் கொடுக்கிற ஒரு மாடிக் கட்டடம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினொரு மாணவர்களும், இறுதி வருடத் திட்டங்களைக் குறித்துக்கொண்டிருந்த விரிவுரையாளர் ஒருவரும். கைதட்டல் இல்லை. பின்வரிசையில் ஒருவர் தும்மினார். பிரவீணன் அதைக் கைதட்டலில் சேர்த்துக்கொண்டான்.

வாசகர்களே, இவன் ஒரு தனிமனிதன் அல்ல, ஓர் இனம். இனத்தின் பெயர் சிஸ்டம்காரன். உலகத்தில் உள்ள கோளாறு அத்தனையும் மற்றவர்கள் படிவத்தை ஒழுங்காக நிரப்பாததால் வந்தவை என்று மனதார நம்புகிறவன். வங்கியில் இருப்பான், அரசாங்கக் கச்சேரியில் இருப்பான், கோயில் நிருவாக சபைக்குச் செயலாளராகவும் இருப்பான். ஆனால் அவன் செழித்து வளர்வதற்கென்றே உரமிட்ட மண் இந்தச் சுகாதாரத் தகவல் தொழினுட்பப் படிப்புத்தான். ஏனென்று கேட்கிறீர்களா? இதைப் படிக்கிறவனுக்கு நோய் வருத்தங்களைப் பற்றியும் கொஞ்சம் தெரியும், கணினியைப் பற்றியும் கொஞ்சம் தெரியும். ஆகவே டொக்டரைக் கண்டால் கணினியைப் பற்றிக் கதைப்பான். கணினிக்காரனைக் கண்டால் ஈரலைப் பற்றிக் கதைப்பான். இருவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தோற்றது யார்?

இந்த இனத்தை அடையாளம் காண முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். அங்கே நீலப் பட்டியில் மாணவர் அட்டை தொங்கும். பஸ்ஸில் தொங்கும், சந்தையில் தொங்கும், சாப்பிடும்போது சொதிக்குள் ஒரு முனை நனைந்தபடி தொங்கும். கோயிலுக்குள் போவதென்றால் சேட்டைக் கழற்ற வேண்டுமல்லவா? பிரவீணனும் கழற்றுவான். சேட்டை மட்டும். வெறும் மார்பில் திருநீற்றுக் குறிகளுக்கு நடுவே அட்டை ஆடிக்கொண்டிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஐயர் விபூதித் தட்டோடு அவன் முன்னால் நின்று, குனிந்து, அட்டையில் இருந்த படத்தையும் முகத்தையும் ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் விபூதியைக் கொடுத்தார்.

அடுத்தது பேச்சு. மனிதர்கள் இவனுக்கு டேட்டா. தாய் குணலட்சுமி ஒரு யூஸர். ஊரில் ஒரு செத்தவீட்டுக்குப் போனான். எல்லோரும் வாய்பொத்தி நிற்க, இவன் மட்டும் மூத்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் ததும்பும் குரலில் கேட்டான்: “அண்ணை, ஐயாவின்ரை பதிவை எல்லா இடத்திலையும் குளோஸ் பண்ணியாச்சோ? இல்லாட்டி கிளினிக்கிலை அவர் இன்னும் உயிரோடைதான் இருப்பார்.”

அன்றைக்கு அந்த வீட்டில் அதைவிட ஆறுதலான வார்த்தையை வேறு யாரும் சொல்லவில்லை.

ஊரார் மட்டும் இவனைச் சும்மா விட்டார்களா? அளவெட்டியில் ஆஸ்பத்திரி என்ற சொல் எந்த மூலையில் ஒட்டியிருந்தாலும் அது டொக்டர் படிப்புத்தான். பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் காலை நீட்டாத குறை.

“தம்பி, முழங்கால் வீங்கிக் கிடக்கு. ஒருக்காப் பாரன்.”

“நான் ஆளைப் பாக்கிறேல்லை, அன்ரி. ஆளின்ரை பதிவைத்தான் பாக்கிறது.”

“அப்ப பதிவிலை வீக்கம் கிடக்கோ எண்டு பாத்துச் சொல்லன்.”

இப்படிப்பட்டவனுக்குத்தான் இறுதி வருடத் திட்டம் வந்தது. நகரத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையம்; பெயர் நமக்கு வேண்டாம். அங்கே இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது கடதாசிக் கோப்புகள். அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு ஓர் ஆள் இரண்டாகவும் இருக்கக்கூடாது, இரண்டு ஆள் ஒன்றாகவும் இருக்கக்கூடாது. அதைக் காட்டினால் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வாய்மொழிப் பரீட்சை. பரீட்சையில் தேறினால் பட்டம். தவறினால் இன்னொரு முழு வருடம். குணலட்சுமியோ தவறுதல் என்ற சொல்லையே கேள்விப்படாதவர். பட்டமளிப்புப் படத்துக்கு நடுச்சுவரில் ஆணி அடித்துவிட்டு, அந்த ஆணியை ஊர் முழுவதையும் கூட்டிவந்து காட்டிக்கொண்டிருந்தார்.

திட்டத்தில் பிரவீணனோடு சோடி சேர்க்கப்பட்டவள் அர்வா. சோனகத்தெருவிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். அதிகம் கதைக்கமாட்டாள், கதைத்தால் அதற்குப் பிறகு மற்றவர் கதைக்கமாட்டார். மருத்துவ நிலையத்துப் பதிவறையில் இவர்களுக்குக் கிடைத்த துணை தம்பிஐயா அண்ணை. முப்பத்தொரு வருடமாக அந்தக் கோப்புகளோடு குடித்தனம் நடத்துகிறவர். ஒவ்வொரு கோப்பின் மூலையிலும் பென்சிலால் ஏதாவது எழுதி வைத்திருப்பார்: ‘கோழிக்கடைக்குப் பக்கத்து வீடு’, ‘காது கேளாது, கத்திக் கூப்பிடு’, ‘சண்டைக்காரி, முதல் விடு’.

“இதென்னண்ணை, பைல் முழுக்கக் கிறுக்கி வைச்சிருக்கிறியள்?” என்றான் பிரவீணன்.

“கிறுக்கலோ? அளவெட்டியிலை மட்டும் நாலு குணலட்சுமி வருகினம், தம்பி. எது எவ எண்டு எனக்கு இதுதான் சொல்லும்.”

“சிஸ்டத்திலை பென்சிலுக்கு இடமில்லை.”

அர்வா மெதுவாகச் சொன்னாள்: “வேறு பெயர்கள் எண்டு ஒரு பெட்டியாவது வைப்பமே? வீட்டுப் பேர், பழைய பேர், இங்கிலீசிலை மாறி எழுதின பேர்...”

“பெட்டி வைச்சா நிரப்புவினம். கேக்காட்டி ஒரு பேரோடை நிப்பினம். சனத்துக்கு ஒழுங்கு பழக்க வேணும், அர்வா.”

“சரி டொக்டர்,” என்றாள் அர்வா. அவள் டொக்டர் என்றால் அதற்குள் ஊசி இருக்கும். இவனுக்கு மரத்த தோல்.

பிறகு அவன் இயந்திரத்துக்கு ஒழுங்கு பழக்கினான். ஒரே ஊர், ஒரே பெயர் என்றால் ஒரே ஆள். பெயர்கள் முன்பின்னாக மாறிக் கிடந்தாலும் ஒரே ஆள். யாரோ கவலையீனமாக எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல: தகப்பன் பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால். இராசையாவின் மகன் கந்தவனம். கந்தவனம் தன் மகனுக்குத் தகப்பனின் பெயரையே வைத்தார். ஆகவே அப்பா இராசையா கந்தவனம், மகன் கந்தவனம் இராசையா. ஒரே வளவு, ஒரே வீட்டு இலக்கம். இயந்திரம் என்ன செய்யும்? எழுபத்தெட்டு வயதையும் நாற்பத்தாறு வயதையும் ஒரே உடம்பில் போட்டுத் தைத்தது. விளைவு, இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் எல்லாப் பல்லையும் கழற்றிய மனிதர் ஒருவர் இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் கடைவாய்ப் பல்வலி என்று வந்து அழுதிருக்கிறார்.

இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது கோப்புகள் ஒரே பகலில் இரண்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாகச் சுருங்கின. மிச்ச அறுநூற்று இருபத்தெட்டுப் பேரும் வேறு யாருக்குள்ளோ போய்க் குடியேறிவிட்டார்கள். பிரவீணன் அர்வாவுக்கும் தம்பிஐயா அண்ணைக்கும் றோல்ஸ் வாங்கிக் கொடுத்தான்.

ஒத்திகைக்காக ஒரு கிழமை முழுக்க, நேர்ஸ்மார் கோப்போடு சேர்த்துத் திரையையும் பார்க்கவேண்டும் என்று ஏற்பாடு. மூன்றாம் நாள் பிறஷர் குளிசை எடுக்கப்போன குணலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, எனக்குப் பித்தப்பை எடுத்தாச்சாம். எப்ப எடுத்தவை?”

“ஆர் சொன்னது?”

“உன்ரை சிஸ்டம்தான் சொல்லுதாம். ஆறு பிள்ளையும் பெத்தனானாம். நீ ஒருத்தன் போதாதெண்டு மிச்ச அஞ்சு பேரையும் எங்கையடா விட்டனான்?”

பிரவீணன் தாயின் வயிற்றைப் பார்த்தான். பிறகு மடிக்கணினியைப் பார்த்தான். “சிஸ்டத்திலை இருந்தால் எடுத்திருக்கும், அம்மா. நீங்கள் மறந்திருப்பியள்.”

சொல்லுங்கள், இப்படி ஒரு நம்பிக்கை நமக்குக் கடவுளிடமாவது உண்டா?

நான்கு குணலட்சுமிகளும் பிரிக்கப்பட்டார்கள். கந்தவனமும் மகனும் அவரவர் பற்களோடு வேறானார்கள். இரண்டு கிழமையாகப் பென்சில் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தவர்கள் அர்வாவும் தம்பிஐயா அண்ணையும். விரிவுரையாளர் கேட்டபோது, “ஒரு சின்ன அப்டேட் போட்டனான், சேர்,” என்றவன் பிரவீணன். பிழை தன்னுடையது என்று அவன் ஒரு வினாடிகூட நினைக்கவில்லை. பாட்டன் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கிற சனத்தோடு ஒரு விஞ்ஞானி என்னதான் செய்வது?

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, புதன்கிழமை காலை, பட்டம் கொடுக்கிற நிறுவனத்தின் பதிவாளர் றஜனி அவனைக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு சின்னச் சிக்கல். இஞ்சை ஒரு பிரவீணன் இருக்கிறார். நாலு வருஷத்துக்கு முதல் சேர்ந்தவர், ஒரு சோதினையும் எழுதேல்லை. இன்னொரு பிரவீணன் இருக்கிறார். எல்லாச் சோதினையும் எழுதிப் பாஸ், ஆனால் இஞ்சை சேரவே இல்லை. வெள்ளிக்கிழமை உதிலை எவர் வாறார்?”

பிரவீணன் சிரித்தான். “ரெண்டும் நான்தானே, அக்கா.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்.”

எட்டிப் பார்த்தான். உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ்ப்படி சேர்ந்தவனுடைய பெயரில், இங்கிலீசில் ‘பி’க்குப் பக்கத்தில் ஓர் ‘ஐ’ நிற்கிறது. அடையாள அட்டைப்படி சோதினை எழுதியவனிடம் அந்த ‘ஐ’ இல்லை. போதாததற்கு, ஒருவனுடைய தகப்பன் சீவரத்தினத்துக்கு இரண்டு ‘ஈ’. மற்றவனுடைய தகப்பனுக்கு ஒன்றுமே இல்லை, ‘ஐ’தான்.

“ஒரு எழுத்துத்தானே, அக்கா. நீங்களே திருத்தி விடுங்கோவன்.”

“சிஸ்டம் விடாது, தம்பி. ஒரு எழுத்துப் பிசகினாலும் வேறை ஆள் எண்டு எடுக்கும். போன வருஷம் பாடத்து ஒப்படைக்கு இந்தச் செக்கிங்கைப் போட்டுத் தந்ததே நீங்கள்தானே. சும்மா சொல்லக்கூடாது, நல்லா வேலை செய்யுது.”

“வேறு பெயர்கள் எண்டு... ஒரு பெட்டி...”

“நானும் தேடிப் பாத்தன். நீங்கள் வைக்கேல்லை.” றஜனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டும் ஒரே ஆள் எண்டு நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்குள்ளை ஒரு சத்தியக் கடதாசி கொண்டு வாங்கோ. இல்லாட்டி வெள்ளிக்கிழமை பேர் லிஸ்டிலை வராது. அடுத்த வருஷம்தான்.”

படிகளில் இறங்கி வந்தவனைப் பார்த்த அர்வா, ஸ்கூட்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, முழுக் கதையையும் கேட்டாள். சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குக் கூடுதலாகச் சுட்டது.

“எங்கடை வாப்பாவுக்கு மூண்டு பேர், தெரியுமோ? சோனகத்தெருவிலை பிறக்கேக்கை ஒண்டு. தொண்ணூறிலை முஸ்லிம் சனத்தை இஞ்சையிருந்து துரத்தினாப்பிறகு புத்தளத்திலை முகாமிலை பதிஞ்சது ஒண்டு. திரும்பி வந்து இஞ்சை பதிஞ்சது ஒண்டு. எங்கடை அலுமாரியிலை உடுப்பிலும் பாக்கச் சத்தியக் கடதாசிதான் கூட.”

“அதுக்கு என்ன செய்யிறது?”

“உங்கடை ஊரிலையே செல்வநாயகம் மாஸ்டர் ஜே.பி. தானே? வெள்ளனப் போங்கோ. சனம் கூட.”

வியாழக்கிழமை காலை ஏழு மணி. இளைப்பாறிய ஆசிரியரும் சமாதான நீதவானுமான செல்வநாயகத்தின் வீட்டு விறாந்தையில் ஏற்கெனவே ஒன்பது பேர். கடவுச்சீட்டில் ஒருவர், காணி உறுதியில் வேறொருவர் ஆனவர். கலியாணப் பதிவில் பாதிப் பெயரைத் தொலைத்த ஒரு பெண். வெளிநாட்டில் இருக்கிற மகனின் படிவத்தில் செத்துப்போன, ஆனால் இங்கே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். பிரவீணன் பத்தாவது. யாராவது கண்டுவிடுவார்களோ என்று தூணோடு ஒட்டி நின்றான்.

அவனுக்குப் பின்னால், பதினோராவதாக, கையில் பழுப்பு உறையோடு நின்றவர் யார்? முகத்தை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். போன கிழமைதான் வங்கியில், முன்னால் நின்ற ஒரு கிழவியைப் பார்த்து, “ஒரு படிவத்தை ஒழுங்கா நிரப்பத் தெரியாத சனம்,” என்று சத்தமாகச் சலித்துக்கொண்டீர்கள். வீட்டுக்குப் போனதும் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

பிரவீணனின் முறை வந்தது. செல்வநாயகம் மாஸ்டர் தலை நிமிரவில்லை. அவரிடம் எல்லாம் முன்கூட்டியே அச்சடித்துக் கிடந்தது: ‘மேற்கூறிய பெயர்கள் யாவும் என்னையே குறிக்கும் எனவும், அவர்கள் அனைவரும் ஒருவரே எனவும் சத்தியம் செய்கிறேன்.’ பெயருக்கு மட்டும் கீறிட்ட இடம்.

“என்ன படிக்கிறாய்?”

“ஆஸ்பத்திரிப் பதிவுகள் சம்பந்தமா, ஐயா.”

“நல்லது. நாட்டுக்குத் தேவை.” மாஸ்டர் பேனா மூடியைக் கழற்றினார். சேர்ந்தவனை எழுதினார். சோதினை எழுதியவனை எழுதினார். “ரெண்டு பேர்தானே?”

பிரவீணன் ஒருமுறை திரும்பி விறாந்தையைப் பார்த்தான். பிறகு மேசைக்கு மேலால் நன்றாகக் குனிந்தான்.

“ஐயா, அந்த இடத்தைக் கொஞ்சம் பெருசா விடுங்கோ,” என்றான், உதடு அசையாமல். “பிறப்புச் சான்றிதழிலை பிரவீண்குமார் எண்டு கிடக்கு.”